அப்பா கையெழுத்துப் போடாத தாள்

லாபிஸ், மலேசியா,
ஜனவரி 18, ஞாயிறு.

அன்பு மகள் பிரேமலாவுக்கு அப்பா எழுதுவது. எனக்கு இரத்த அழுத்தமும் அம்மாவுக்குச் சர்க்கரையும் இப்போதைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன, ஆகவே இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளை ரூபேந்திரனும் பாப்பா லோஷினியும் அந்த மினசோட்டாக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் மூன்று பேர் பெயரையும் சொல்லிக் கும்பிடுகிறாள். பொங்கல் நன்றாகப் போனது. உன் தம்பி தீபன் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து பெண்டாட்டியோடு வந்து இரண்டு நாள் இருந்தான். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிற அலுப்பில் வந்த அன்றைக்குப் பகல் முழுக்கத் தூங்கினான், எழுந்ததும் பானைப் பொங்கலில் பாதியை அவனே முடித்தான். மழை இந்தத் தடவை ஆற்றை மிரட்டிவிட்டுப் போனதே தவிர நம் தாமான் குடியிருப்புப் பக்கம் தண்ணீர் வரவில்லை.

இந்தக் கடிதத்தைப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். வாட்சாப்பில் எழுதலாமே என்று நீ கேட்பாய். நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்துவிட்டேன். முப்பத்துநாலு வருஷம் கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக, ஹெச்.ஏ. வேலை பார்த்து நோயாளி ரிப்போர்ட் எழுதிய கை, பேனா பிடித்தால்தான் நேராக யோசிக்கிறது. விஷயம் இதுதான். பொங்கலுக்கு மறுநாள் காலையில் நீ கூப்பிட்டாய். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "அப்பா, கெடச்சிருச்சுப்பா, வேய்வர் கெடச்சிருச்சு"ன்னு நீ சொன்னதும் நான் "சந்தோஷம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லி, இந்தா உன் மகள் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். மத்தியானம் உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது, அப்பாவுக்கு இதில் சந்தோஷம் இல்லையா என்று கேட்டு. அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. உனக்குப் பொய்யாக ஒரு பதில் போட எனக்கு இஷ்டமில்லை, உண்மையைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும், அதனால்தான் இந்தத் தாள்கள்.

முதலில் இருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து, ஏனென்றால் நான் புரிந்துகொண்டது சரியா என்று நீ பார்க்க வேண்டும். நீ குழந்தை மருத்துவத்தில் பயிற்சிக்காக அங்கே போன விசாவில் ஒரு சட்டம் ஒட்டிக்கொண்டே வந்தது, பயிற்சி முடிந்தால் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் இருந்தாக வேண்டும், அதற்கப்புறம்தான் அங்கே வேலைக்கு விசா. போகும்போது அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அப்போது நீ "ரெண்டு வருஷம்தானேப்பா, வந்து செகாமாட் ஆஸ்பத்திரியில வேல பாப்பேன்"னு சிரித்தாய். பிறகு குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் நுரையீரல் ஆராய்ச்சியில் உன்னைச் சேர்த்தார்கள், நூற்றெண்பது குழந்தைகளை ஐந்து வயது வரைக்கும் விடாமல் தொடர்ந்து பார்க்கிற வேலை. நடுவில் லோஷினி பிறந்தாள். ஆறு மாதத்தில் அவளுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. ஒரு வயதில் காதுக்குள் கருவி வைத்தார்கள். அந்தக் கருவியைப் போட்டு முதல் முதலாகச் சத்தம் கேட்டபோது பாப்பா பயந்து அழுததை நீ வீடியோ எடுத்து அனுப்பினாய், அம்மா அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி, மாதத்துக்கு ஒரு தடவை கருவியைச் சரிபார்ப்பது என்று உன் வாழ்க்கை அந்த ஊரோடு கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆக அந்த இரண்டு வருஷத்துக்குத் திரும்பி வராமல் இருக்க, வேய்வர் என்கிற விலக்கு கேட்க வேண்டி வந்தது.

முதலில் ஆராய்ச்சியைக் காட்டித்தான் விலக்கு கேட்டீர்கள். அங்குள்ள ஓர் அரசாங்க இலாகா உனக்காகப் பரிந்துரை செய்ய வேண்டும் என்றார்கள். உன் புரொபசர் ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து அந்த இலாகா, ஆராய்ச்சி முக்கியமானதுதான், ஆனால் அதை இந்த டாக்டரே இருந்து நடத்த வேண்டும் என்பதற்குப் போதுமான காரணம் தெரியவில்லை என்று பதில் போட்டுவிட்டது. அன்றைக்கு நீ போனில் அழுதாய். நாலு வருஷம் அந்தக் குழந்தைகள் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டிருந்தேனே அப்பா என்றாய். நான் உனக்கு ஆறுதல் சொன்னேன், வேறு வழி இருக்கும், கவலைப்படாதே என்றேன்.

இப்போது சொல்கிறேன், அன்றைக்குப் போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். என் மகள் அழுகிறாள், எனக்கு உள்ளுக்குள் பிள்ளைகள் வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்று ஒரு குதி. அப்போதே நான் மனதில் கணக்குப் போட்டேன், பின்னறையைக் காலி செய்து வர்ணம் அடிக்க எத்தனை நாள் ஆகும் என்று. உன்னை விமான நிலையத்தில் விட்டு வந்து அப்போது ஆறு வருஷம். தம்பி கல்யாணத்தை நீ போனில்தான் பார்த்தாய், அம்மாவுக்குப் பித்தப்பை ஆப்பரேஷன் நடந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னோம், வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்று நீ பயந்து கிடந்ததால். மேலே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டத்தை நான் ஒரு நாளும் மனதில் திட்டியதில்லை. கற்றுக்கொண்டு போய் உன் ஊர்ப் பிள்ளைகளைப் பார் என்று சொல்கிற சட்டம் எப்படித் தப்பாகும். ஒரு டாக்டரும் இல்லாத நாட்களில் கிளினிக்கைத் தனியாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான், எனக்கு அதன் நியாயம் தெரியும்.

போன வருஷம் ஏப்ரலில் உன் வக்கீல் இரண்டாவது வழியைச் சொன்னார். லோஷினி அங்கே பிறந்ததால் அந்த நாட்டுக் குடிமகள், தாய் திரும்பினால் அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாதிப்பு வரும் என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. அதற்கு டாக்டர்களின் கடிதம், பயிற்சி கொடுக்கிறவர்களின் கடிதம், கூடவே இங்கே ஊரில் இருக்கிற தாத்தா பாட்டியின் சத்தியப் பிரமாணம். வக்கீலே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார், நாங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். தீபன் அதை அச்செடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். நான் கண்ணாடி போட்டு வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மலேசியாவில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சையே கிடையாது என்று ஒரு வரி. தாத்தா பாட்டி இருவரும் முதுமையாலும் நோயாலும் தளர்ந்தவர்கள், குறையுள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்ள இயலாதவர்கள் என்று இன்னொரு வரி. அம்மா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றாள். "யாரால முடியாது? என்னாலயா? உன் அக்காவையும் உன்னையும் வளத்தது யாரு, அடுத்த வீட்டுக்காரியா?" என்று தீபனைப் பிடித்துக்கொண்டாள். "தங்காக்ல போய் அவ ரூமுக்குத் திரைச்சீலைத் துணி எடுத்தாச்சு, மஞ்சப் பூ போட்டது. அதையும் அந்தக் கடுதாசியில எழுதச் சொல்லு." துணி எடுத்தது எனக்கே அப்போதுதான் தெரியும். முதல் விலக்கு கிடைக்காமல் போன வாரத்திலேயே பக்கத்து வீட்டுக்காரரோடு காரில் போய் வாங்கி அலமாரி அடியில் வைத்திருக்கிறாள். நான் மட்டும்தான் இரகசியமாகச் சந்தோஷப்பட்டேன் என்று நினைத்திருந்தேன்.

தீபன் "அப்பா, அக்காவுக்காக ஒரு சைன்தானே, எதுக்கு இவ்ளோ யோசிக்கிறீங்க. வக்கீல் எழுதுறது இப்பிடித்தான் இருக்கும்லா"ன்னு சொன்னான். நான் போடவில்லை. அன்று உன்னிடம் போனில் சொன்னதும் இதுதான், இது உண்மை இல்லை மா, கண்ணால் பார்க்காததை நான் எழுதிக் கொடுத்ததில்லை என்று. நீ "அப்பா, இது உங்க கிளினிக் ரிப்போர்ட் இல்ல, என் பிள்ளையோட காது"ன்னு சொல்லி வைத்துவிட்டாய். அதற்கப்புறம் பத்து நாள் நீ கூப்பிடவில்லை. அந்தப் பத்து நாளும் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்று. பொய் என்பதால் கையெழுத்துப் போட மறுத்தேனா, இல்லை நீ திரும்பி வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்த ஆசைக்கு உண்மை என்று பெயர் வைத்துக்கொண்டேனா. சத்தியமாகச் சொல்கிறேன் பிரேமலா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி போய்ப் பார்த்துவிடுவதுதான் என்று தோன்றியது.

பதினோராம் நாள் காலை ரயிலில் ஜொகூர் பாருவுக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. பெர்மாஸ் ஜெயாவில் தம்பி வீட்டில் தங்கி மறுநாள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பகுதிக்குப் போய் உட்கார்ந்தேன். பழைய ஹெச்.ஏ. என்று சொன்னதும் உள்ளே விட்டார்கள். அங்கே நாஸியா என்று ஒரு பெண், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், முக்காடு போட்ட நம் தமிழ் முஸ்லிம் பிள்ளை. பாப்பாவின் காது சோதனை அறிக்கையை என் போனில் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். இங்கே இதற்குச் சிகிச்சையே இல்லை என்று எழுதலாமா என்று கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "இல்லன்னு எப்பிடி அங்கிள் எழுதுவீங்க, அப்ப நான் யாரு?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அதே மூச்சில் "இருக்குன்னும் சும்மா எழுதிறாதீங்க. வாங்க, உள்ள வந்து உக்காருங்க"ன்னு சொல்லி, வந்திருந்த தாயிடம் அனுமதி கேட்டு, என்னைப் பயிற்சி அறையில் ஒரு மூலையில் உட்கார வைத்தார்.

அந்தத் தாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "ஹெச்.ஏ. ஐயாதானே? சின்னதுல என் முழங்கையில தையல் போட்டீங்களே" என்று கையைத் திருப்பிக் காட்டினாள். பெயர் தனலெட்சுமி, நம் லாபிஸுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் ஆலை கேன்டீனில் வேலை. அவள் மகளுக்கு நாலு வயது, நம் லோஷினிக்கு இருக்கிற மாதிரியே காதுக்கு மேலே கருவி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் அவர்களுக்கு முறை வருகிறது, அதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு விடியலில் கிளம்பி வருகிறாள். அதற்கு முந்தின வருஷக் கடைசியில் கருவியின் ஒயர் ஒன்று அறுந்துவிட்டதாம், சின்ன ஒயர், வெளியூரிலிருந்து வரவழைக்க இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. "அம்மான்னு சொல்லிக்கிட்டிருந்தா ஐயா. அந்த ரெண்டு மாசத்துல அதையும் விட்டுட்டா. திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறோம்." இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது. நாஸியா அந்தப் பிள்ளையோடு முக்கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து ஒரு மரப் பசுவை வைத்துக்கொண்டு "மா, மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளை அவர் வாயையே பார்த்தது. ஒரு தடவை உதட்டைக் குவித்தது, சத்தம் வரவில்லை. தனலெட்சுமி அதற்கே கையைத் தட்டினாள்.

முடிந்ததும் நான் நாஸியாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், என் பேத்தியும் இங்கே வந்தால் பார்த்துக்கொள்வீர்களா. "கண்டிப்பா பாத்துக்குவேன் அங்கிள், அதுல சந்தேகமே வேணாம்" என்றார். பிறகு வாசலைப் பார்த்தார், தனலெட்சுமி மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "ஆனா புது நேரம் எங்கயும் கெடையாது. இந்த மாதிரி பிள்ளைங்களோட நேரத்ததான் பிரிச்சுக் குடுக்கணும்." திரும்பி வரும்போது ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து குளுவாங் தாண்டும் வரை நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, நான் போனது வசதி இருக்கிறதா என்று பார்க்க அல்ல, இருக்கிறது, நீ தாராளமாக வரலாம் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று கேட்க. யாரும் அப்படிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். தனலெட்சுமியின் பிள்ளை அம்மா என்ற சொல்லையும் விட்டுவிட்டது என்ற இடத்தில் அவள் என்னை நிறுத்தச் சொன்னாள். கையில் இருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு "எழுதுங்க"ன்னு சொன்னாள். நான் வக்கீலின் தாளை ஒதுக்கிவிட்டு என் கையாலேயே எழுதினேன். இங்கே சிகிச்சை உண்டு, செய்கிறவர்கள் நல்லவர்கள், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று நான் நேரில் பார்த்ததை எழுதினேன். ஒயர் அறுந்த கதையைப் பெயர் சொல்லாமல் எழுதினேன். நாங்கள் தளர்ந்தவர்கள் இல்லை, எங்கள் பேத்தியைப் பார்த்துக்கொள்ள எங்களால் முடியும், அவள் எங்களோடு இருக்க வேண்டும் என்பது எங்களுடைய பெரிய ஆசை என்று எழுதினேன். அப்படி இருந்தும் அவள் அங்கேயே இருக்கும்படி செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதினேன். கடைசியில் அம்மா தன் பங்குக்குத் தமிழில் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் மாற்றினேன். அவள் சொன்னது இது. "என் பேத்திக்குச் சோறு ஊட்ட என்னால முடியும், தூங்க வைக்க முடியும். காது கேக்க வச்சது அங்க உள்ளவங்க. அவங்க கையில இருந்து இப்ப அவள வாங்கிக்க எனக்குப் பயமா இருக்கு." செகாமாட்டில் சத்தியப் பிரமாணம் வாங்குகிற மலாய்க்காரர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு முத்திரை குத்தினார். அம்மா "செல்வராணி" என்று தமிழிலேயே கையெழுத்துப் போட்டாள்.

அது உனக்கு வந்து சேர்ந்த அன்று நீ கூப்பிட்டாய். வக்கீலுக்குப் பிடிக்கவில்லை, ஆசையாக இருக்கிறது என்பதையெல்லாம் எதற்கு எழுதினார்கள் என்று கேட்கிறார் என்றாய். அதைச் சொல்லும்போதே உன் குரல் உடைந்தது. ஆனாலும் நீ அதை மாற்றச் சொல்லவில்லை, அப்படியே அனுப்பும்படி அவரிடம் சொல்லிவிட்டாய். அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். அந்தத் தாளால்தான் விலக்கு கிடைத்தது என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. டாக்டர்கள் எழுதினார்கள், உன் ஆராய்ச்சிக் குழந்தைகளின் தாய்மார் எழுதினார்கள், கோப்பே முந்நூறு பக்கம் என்றாய், அதில் எங்களுடையது இரண்டு பக்கம். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் நான் எழுதியது எல்லாம் உண்மை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். சந்தோஷம்தான் மா, உனக்காகவும் பாப்பாவுக்காகவும் மனசார சந்தோஷம். ஆனால் அன்றைக்குக் காலையில் அந்தச் செய்தியைக் கேட்டபோது, நீங்கள் வரப்போவதில்லை என்பதும் அதே நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. இரண்டையும் ஒரே போனில் பேச எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் வாசலுக்குப் போனேன். நீ இதை நினைத்து வருத்தப்படக் கூடாது, அதற்காக எழுதவில்லை, நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். அம்மா என்னைவிடத் தைரியசாலி. நீ போனை வைத்த அரை மணி நேரத்தில் அலமாரி அடியிலிருந்து அந்த மஞ்சள் பூத் துணியை எடுத்துத் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். பார்சலில் இருக்கிற மூன்று கவுனும் அதுதான். அளவு தெரியாமல் கொஞ்சம் பெரிதாகவே தைத்திருக்கிறாள், பிள்ளை வளரட்டும் என்கிறாள். காதுக் கருவி மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கழுத்தை அகலமாக வெட்டியிருக்கிறாள், அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

விலக்கு வந்தாலும் அடுத்த விசா கைக்கு வரும்வரை நீ வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல் சொன்னதாகத் தீபன் சொன்னான். அவர் சொன்னபடியே செய், எங்களைப் பார்க்கும் அவசரத்தில் எதையும் கெடுத்துக்கொள்ளாதே. நாங்கள் வருகிறோம். அடுத்த மாதம் பதினோராம் தேதி கோலாலம்பூரில் எங்களுக்கு விசா நேர்காணல். திரும்பி வருவீர்களா என்று துருவிக் கேட்பார்களாம், அம்மாவுக்கு அதிலே கோபம். "வராம? என் கோழிங்கள யாரு பாத்துக்குவா, அந்த ஆபீசரா?" என்று அதே வார்த்தையில் சொல்லப் போவதாக மிரட்டுகிறாள். கொடுத்தால் கோடையில் வருவோம், கொடுக்காவிட்டால் மறுபடி கேட்போம், இந்தக் காத்திருப்பெல்லாம் உன்னிடமிருந்து நாங்களும் கற்றுக்கொண்டோம். உனக்குச் சின்னதாக ஒரு புத்திமதி. ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பனி கொட்டுகிற நாளில் மாப்பிள்ளையைக் கார் ஓட்டச் சொல், உனக்கு அவசரப் புத்தி. அந்தக் குழந்தைகளின் ஐந்து வருஷத்தை முழுசாக முடி, பாதியில் விடாதே. இன்னொன்று, இது கட்டாயம் இல்லை, உனக்கு முடிகிறபோது. உனக்குத் தெரிந்த கருவிக்காரர்கள் யாராவது அந்த ஒயர் மாதிரி உதிரிகளை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அனுப்ப வழி சொன்னால் நாஸியாவுக்கு எழுது. அவர் முகவரியை இந்தத் தாளின் பின்பக்கம் குறித்திருக்கிறேன். திரும்பி வந்து இரண்டு வருஷம் செய்ய வேண்டியதில் கொஞ்சத்தை நீ அங்கிருந்தே செய்த மாதிரி இருக்கும்.

கடைசியாக ஒரு காரியம், நீ எனக்காகச் செய்ய வேண்டியது. அன்று நான் கிளம்பும்போது நாஸியா எனக்கு ஒரு பாடம் நடத்தினார். இப்படிப்பட்ட பிள்ளைகளோடு போனில் பேசும்போது நம் முகம் வெளிச்சத்தில் தெரிய வேண்டுமாம், கத்தக் கூடாதாம், ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டுமாம். "பெரியவங்க எல்லாரும் மூணுலயே பொறுமை இழந்துருவாங்க அங்கிள். பிள்ள ஏழாவதுலதான் வாயத் தெறக்கும்" என்றார். முதலில் ஒரு மொழி நன்றாக ஊன்றட்டும், பிறகு தமிழ் என்று உங்கள் பயிற்சிக்காரர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும், போன மாதம்தான் இனிமேல் தமிழும் தொடங்கலாம் என்று சொன்னதாக நீயே சொன்னாய். ஆகவே எங்களுக்குச் சனிக்கிழமை காலை எட்டு மணி, உங்களுக்கு வெள்ளி மாலை ஆறு, வாரா வாரம் பத்து நிமிஷம் பாப்பாவை எங்களுக்குக் கொடு. விளக்கைப் போட்டு, அம்மாவையும் தலை வாரி உட்கார வைத்து நான் தயாராக இருப்பேன். முதல் சொல் தாத்தாவா பாட்டியா என்று இங்கே இன்னும் சண்டை தீரவில்லை.

உன் கைராசி குறையாமல், மாப்பிள்ளை உடம்பு சுகமாய், பிள்ளை கேட்டதெல்லாம் பேசி, பேசியதெல்லாம் பலித்து, நீங்கள் மூவரும் நீடூழி இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒன்று செய். நாங்கள் பாப்பாவோடு பேசும்போது பக்கத்திலிருந்து நீ அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதே, சொல்லு சொல்லு என்று தோளைத் தொடாதே. அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி, நாங்கள் போனுக்கு முன்னாலிருந்து எழுந்து போக மாட்டோம்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா மதிவாணன்